ஒகேனக்கல் கேட்டால் நயாகரா வருகிறது

கேள்வி, 24 செப்டம்பர்

ஃபோன் செயலி ஒன்றில் 'ஒகேனக்கல் அருவி, பரிசல், சூரிய உதயம்' என்று எழுதி எட்டுத் தடவை படம் கேட்டுவிட்டேன். எட்டுத் தடவையும் நயாகரா மாதிரி ஒரே நீளத்துக்குத் தண்ணீர் கொட்டுகிறது. பரிசல் என்று வருவது சாம்பார் கிண்ணம். வீட்டு ஹாலில் மாட்ட ஒரு படம் வேண்டும், அவ்வளவுதான். நான் எழுதுவது தப்பா, ஏஐக்கு நம்ம ஊர் தெரியாதா? தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் இதில் கை வைத்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

24 செப்டம்பர், இரவு 10.40

நீங்கள் எழுதுவதுதான் தப்பு. பாலக்கோட்டில் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கிறேன். 2022 கடைசியிலிருந்து இந்தப் படங்களோடு மல்லுக்கட்டுகிறேன். ஊர்ப் பெயரை எழுதாதீர்கள், கண்ணுக்குத் தெரிவதை எழுதுங்கள். கரும்பாறை, பாறை இடுக்குகளில் பல கிளையாகப் பிரிந்து விழும் தண்ணீர், வட்டமான மூங்கில் பரிசல், ஒற்றைத் துடுப்பு, இரண்டு பக்கமும் காடு. ஆங்கிலத்தில் எழுதினால் இன்னும் நல்லது. நாளைக்கு வந்து நன்றி சொல்லுங்கள்.

25 செப்டம்பர்

நன்றி வரவில்லை. கேட்டவர் எடுத்த படம்தான் வந்தது.

பாறை வந்துவிட்டது. தண்ணீரும் பிரிந்து விழுகிறது. பரிசலில் ஆறு பேர், ஆறு பேர் கையிலும் துடுப்பு, ஒருவர் கையில் இரண்டு. பாறை உச்சியில் வெளிநாட்டுக் கோட்டை ஒன்று. 'கோட்டை எங்கிருந்து வந்தது அண்ணா?' என்று கேட்கிறார். நியாயமான கேள்வி. நேற்று எழுதியதில் பாதியை வாபஸ் வாங்குகிறேன்.

கடைப் பையனுக்குச் சொன்ன மாதிரியே சொல்கிறேன். பழைய டிவியில் ஆன்டெனா திரும்பிவிட்டால் திரை முழுக்கப் புள்ளி புள்ளியாகக் கொதிக்குமே, இந்தப் படங்கள் அங்கிருந்துதான் தொடங்குகின்றன. நல்ல படங்களை எடுத்து அதன்மேல் அந்தப் புள்ளியை வேண்டுமென்றே தூவுவார்கள். பிறகு அதை எப்படித் துடைப்பது என்று இயந்திரத்தைப் பழக்குவார்கள். பழகி முடித்ததும் வெறும் புள்ளியை மட்டும் கொடுத்தால், அது பாட்டுக்கு இல்லாத படத்தைத் துடைத்து எடுக்கும். நாம் எழுதும் வரி, எந்தப் பக்கமாகத் துடைக்க வேண்டும் என்று கையைப் பிடித்துக் காட்டுவது.

ஸ்டேபிள் டிஃப்யூஷன் என்ற படம் போடும் ஏஐ மாடல் 2022 ஆகஸ்டில் வெளிவந்தது. அதற்குப் பாடப்புத்தகம் லயான் என்ற தொகுப்பு. அதன் பெரிய வடிவமான லயான்-5பியில் 585 கோடிப் படங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு குறிப்பு. ஆங்கிலக் குறிப்பு உள்ளவை மட்டும் 230 கோடிக்கு மேல். குறிப்பு என்றால் யாரும் உட்கார்ந்து யோசித்து எழுதியதில்லை, வலைப்பக்கத்தில் படத்தோடு எவரோ போட்டு வைத்த ஒரு வரி. ஒகேனக்கல் போய் வந்தவர் 'குடும்பத்துடன் ஒரு நாள்' என்று போட்டிருந்தால் இயந்திரம் அதிலிருந்து எந்த அருவியைக் கற்கும்? அருவி என்றதும் அது அதிகம் பார்த்த அருவிதான் வரும். அருவிப் படம் என்றால் கோட்டையும் கூடவே இருக்கும் என்று வேறு யார் வீட்டிலோ கற்றுக்கொண்டு வந்திருக்கிறது.

28 செப்டம்பர்

'இவ்வளவு நுணுக்கம் எவன் பார்க்கப் போகிறான், ஹாலில் மாட்டுகிற படம்தானே' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பார்ப்பான். என் கைக்காசு போன கதையைக் கேளுங்கள்.

தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமம், கோயில் பண்டிகை. 20க்கு 10 அடி பேனர், இரண்டு பக்கமும் யானை வேண்டும் என்றார்கள். ஏஐயில் எடுத்தேன். தூசி பறக்க, பின்னால் பொன்னிற வெயில், ஆணும் பெண்ணுமாக நிற்கிறது. நானே ஐந்து நிமிஷம் ரசித்தேன். பிரிண்ட் போட்டு, ரிங் அடித்து, கொண்டுபோய்க் கட்டியாகிவிட்டது. ஒரு பெரியவர் வந்து நின்றார். ராத்திரி பரண் மேல் உட்கார்ந்து கேழ்வரகுக் காவல் காக்கிற ஆள். கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, 'ஆனைக்குக் காது முறம்னு சொல்லுவாங்க. நீ என்னப்பா பாயவே மாட்டி விட்டிருக்க?' என்றார். பக்கத்திலிருந்தவர், 'இது பொட்டைதான? இதுக்கு எதுக்குத் தந்தம்?' என்றார். அவ்வளவுதான், கூட்டம் சேர்ந்துவிட்டது.

ஆப்பிரிக்க யானை. தோளை மூடுகிற காது, நடுவில் பள்ளம் விழுந்த முதுகு, பெட்டைக்கும் தந்தம். நம் யானைக்குக் காது சிறிசு, முதுகு மேடு, நெற்றியில் இரண்டு புடைப்பு, பெட்டைக்கு வெளியே தெரிகிற மாதிரித் தந்தம் கிடையாது. தும்பிக்கை நுனியைப் பார்த்தால்கூடத் தெரியும். நம் யானைக்கு ஒரு விரல், அதற்கு இரண்டு. இதெல்லாம் எனக்கு அன்று தெரியாது. ஜவளகிரி, தேன்கனிக்கோட்டைக் காட்டுக்குள் வருஷா வருஷம் பன்னார்கட்டா பக்கமிருந்து கேழ்வரகு முற்றும் நேரமாகப் பார்த்து யானை வருகிறது. அந்த ஊர்க்காரனிடம் போய் வேறு கண்டத்து யானையைக் கட்டினால் விடுவானா? 200 சதுர அடி திரும்ப அடித்துக் கொடுத்தேன். இரண்டாவது தடவை யானையே வேண்டாம், தாமரை போதும் என்றார்கள்.

28 செப்டம்பர், ராத்திரி

ஒன்று விட்டுப்போனது. 'எனக்குத் தெரியாது' என்று மேலே எழுதினேன். அது முழு உண்மையில்லை. 2023 மார்ச்சில் எங்கள் மாரண்டஹள்ளிப் பக்கம் வயல் வேலியில் விட்ட மின்சாரத்தில் மூன்று யானைகள் செத்தன. இரண்டு குட்டிகள் தப்பின. ஊரோடு நானும் போய்ப் பார்த்தேன். பத்தடி தூரம். நகத்தைச் சுற்றி மண் காய்ந்து அப்பியிருந்தது. காது ஓரம் கிழிந்து, அங்கே மட்டும் இளஞ்சிவப்பாகப் புள்ளி விழுந்திருந்தது. அவ்வளவு கிட்டத்தில் பார்த்தவன்தான் பாய்க் காது யானையை ரசித்து பிரிண்ட் போட்டேன்.

1 அக்டோபர்

மயில் குஞ்சு என்று இங்கே ஒரு படம் போட்டவருக்கு: அந்தப் படம் பொய். நீலத் தலை, குட்டித் தோகை, பொம்மைக் கண். வயலோரம் போய்ப் பாருங்கள், மயில் குஞ்சு கோழிக் குஞ்சு மாதிரிப் பழுப்பாகத்தான் இருக்கும். ஆணுக்கே முழுத் தோகை வர மூன்று வருஷம் ஆகும். அந்தக் குட்டித் தோகைப் படங்கள் 2023லிருந்து சுற்றுகின்றன. கூகுளில் மயில் குஞ்சு என்று தேடினால் நிஜக் குஞ்சைவிட இவைதான் அதிகம் வருகின்றன என்று உலகம் பூராவும் புலம்பினார்கள். அடுத்த மாடல் இதையும் சேர்த்துப் படித்துவிட்டு வந்தால், பிறகு மயில் குஞ்சு அதற்கு அப்படித்தான் பிறக்கும்.

எதிர்ப்பக்கமும் ஒன்று நடந்தது. மைல்ஸ் ஆஸ்ட்ரே என்ற புகைப்படக்காரர் ஒரு பூநாரையைப் படம் எடுத்தார். அது வயிற்றைச் சொறிந்துகொண்டிருந்ததால் கழுத்தும் தலையும் மறைந்து, வெறும் இளஞ்சிவப்புப் பந்துக்கு இரண்டு கால் முளைத்த மாதிரி இருந்தது. 2024இல் அதைக் கொண்டுபோய் ஏஐ படங்களுக்கான போட்டிப் பிரிவில் போட்டுப் பரிசும் வாங்கினார். 'இது நிஜம்' என்று அவரே சொன்ன பிறகு பரிசைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பூநாரையை நினைத்தால் இன்னும் சிரிப்பு வருகிறது.

2 அக்டோபர்

தமிழில் எழுதிப் பார்க்கலாமே என்று கேட்டவருக்கு. எழுதினேன். முதல் ஸ்டேபிள் டிஃப்யூஷனில் நம் வரியைப் படிக்கிற பகுதிக்கு ஒரு நேரத்தில் 77 துண்டுகள்தான் கொள்ளும். சாதாரண ஆங்கிலச் சொல் ஒன்றுக்கு ஒரு துண்டு போதும். தமிழ் அதற்குச் சொல்லாகத் தெரியாது, பொடிப் பொடியாக உடைத்துத்தான் விழுங்கும். 'கேழ்வரகு' என்பது கணினிக்கு 24 பைட். இரண்டு வரி எழுதுவதற்குள் பை நிரம்பிவிடும், நிரம்பியும் அர்த்தம் ஏறாது. எனக்கு ஒரு தடவை புடவைக்கடை பொம்மை வந்தது.

2 அக்டோபர், கொஞ்ச நேரம் கழித்து

மேலே சொன்னது பழைய மாடலுக்கு. இப்போது பல செயலிகளில் நாம் எழுதுவதை முதலில் ஒரு மொழி மாடல், அதாவது எழுத்தைக் கையாளும் இன்னொரு ஏஐ, வாங்கி, ஆங்கிலத்தில் விரித்து எழுதிக்கொண்டுதான் படத்துக்கு அனுப்புகிறது. அங்கே தமிழ் செல்லும். ஆனால் நடுவில் அது சொந்தச் சரக்கு சேர்க்கும். 'வயல்' என்று மட்டும் எழுதுங்கள், அதில் ஒரு ஓலைக் குடிசையும் மாட்டு வண்டியும் வந்து நிற்கும்.

5 அக்டோபர்

நேற்று ஒகேனக்கல் போனேன். சும்மா இல்லை, ஹால் படக்காரருக்காகத்தான். ஊருக்குள் இருந்துகொண்டு அருவியைப் பற்றி இத்தனை பக்கம் எழுதுகிறோமே, போய்ப் பார்த்து எத்தனை வருஷம் ஆகிறது என்று தோன்றியது. ஆறு.

தண்ணீர் அதிகம், பரிசல் விடவில்லை. நீலமும் இல்லை, பச்சையும் இல்லை, பால் குறைந்த டீ நிறம். நான் இத்தனை நாள் எடுத்த ஒகேனக்கல் படங்களில் ஒன்றில்கூட இந்த நிறம் கிடையாது. இன்னொன்று, புகை. கன்னடத்தில் ஹொகே என்றால் புகை, கல் என்றால் பாறை. ஊரின் பெயரே அதுதான். இயந்திரத்திடம் நான் ஒரு தடவையாவது புகையைக் கேட்டேனா? அருவிக்கு மேலே நீர்த்திவலை எழும்பி, எதிர்க்கரை மரங்கள் பாதி அழிந்த பென்சில் கோடு மாதிரித் தெரிந்தன. சட்டை ஐந்து நிமிஷத்தில் ஈரம்.

கரையில் பரிசல்களைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள், ஆமைக் கூட்டம் மாதிரி. அடிப்பக்கத்தை அப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தேன். மூங்கில் பிளாச்சுகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி, ஓரத்தில் கயிறு மாதிரி முறுக்கி வளைத்து, அடியில் பிளாஸ்டிக் சாக்கு விரித்துத் தார் பூசியிருக்கிறது. அந்தக் காலத்தில் சாக்குக்குப் பதில் மாட்டுத்தோல். பரிசல்காரர் ஒருவரிடம் என் ஃபோனிலிருந்த ஏஐ படத்தைக் காட்டினேன். முதலில் சிரித்தார். அப்புறம், 'இதுல ஏறுனா மூணாவது நிமிசம் தலைகீழாத்தான் போவீங்க. இவ்வளவு குழியா இருந்தா சுத்தும் சார், நிக்காது' என்றார். நிஜப் பரிசல் கிண்ணம் இல்லை, தாம்பாளம். ஆழம் குறைவு, அகலம் அதிகம்.

64 படங்கள் எடுத்தேன். புரட்டாசி சனிக்கிழமை, அதனால் மீன் வறுவல் வாசனையோடு சரி.

6 அக்டோபர்

திருத்தம். முதல் நாள் 'கரும்பாறை' என்று எழுதச் சொன்னேன். அங்கே பாறை கறுப்பு இல்லை. காய்ந்த இடம் சாம்பலும் வெந்த செங்கல் நிறமுமாக, நனைந்த இடம் மட்டும் கறுப்பாக இருக்கிறது. இடையில் தண்ணீர் ஏறி இறங்கிய தடம் கோடு கோடாகத் தெரிகிறது. மன்னிக்கவும்.

11 அக்டோபர்

ஹால் படம் முடிந்தது. வெறும் வரியிலிருந்து எடுக்கவில்லை. நான் எடுத்த புகைப்படத்தையே கீழே போட்டு, அதன்மேல் புள்ளி தூவி, திரும்பத் துடைக்க வைத்தேன். எவ்வளவு தூவுவது என்பது நம் கையில், 0 முதல் 1 வரை ஒரு எண். 0.7 வைத்தால் நயாகரா எட்டிப் பார்க்கிறது. 0.35இல் பாறை பாறையாக நிற்கிறது, மேலே நீர்வண்ணப் பூச்சு மட்டும் வருகிறது. கரையில் கவிழ்ந்த பரிசல், டீ நிறத் தண்ணீர், புகை.

அனுப்பினேன். அவர் கேட்ட முதல் கேள்வி, 'இதில் ஏஐ எங்கே அண்ணா இருக்கிறது?' இரண்டாவது, 'தண்ணீரைக் கொஞ்சம் நீலமாக்க முடியுமா? வீட்டில் கேட்கிறார்கள்.'

நீலமாக்கிக் கொடுத்தேன். கடைக்காரன் நான்.

12 அக்டோபர்

பிரிண்ட் போடுகிறவர்களுக்கு மட்டும். 20 அடி பேனருக்கு அங்குலத்துக்கு 72 புள்ளி என்று வைத்தாலே 17,280 பிக்சல் அகலம் வேண்டும். என் இயந்திரம் தருவது 1,024. கிட்டத்தட்ட 17 மடங்கு பெரிதாக்கும்போது இடையில் இருப்பதை அது கற்பனையில்தான் நிரப்பும். மரம் தூரத்தில் அழகாக இருக்கும், கிட்டே போனால் இலைக்குப் பதில் பாசி. இன்னொன்று, திரையில் கண்ணைப் பறிக்கிற அந்தப் பச்சை, அச்சு மைக்கு மாறும்போது செத்துப்போகும். முதல் பிரிண்டுக்கு முன் கஸ்டமரிடம் சொல்லிவிடுங்கள், சண்டை மிச்சம்.

19 அக்டோபர்

'இது கலையா' என்ற சண்டைக்கு நான் வரவில்லை என்றுதான் இருந்தேன். ஆனால் 'விதி போட்டுப் படம் வரைவது நேற்று வந்த அமெரிக்கச் சமாச்சாரம்' என்று ஒருவர் எழுதியதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

என் அம்மா மார்கழியில் 15 புள்ளி வைத்துத் தாமரை போடுவார். புள்ளியைச் சுற்று, தொடாதே, தொடங்கின இடத்தில் முடி. விதி அவ்வளவுதான், உள்ளிருந்து பூ வருகிறது. இதைக் கணினி மொழி இலக்கணமாகவே எழுதினார்கள், அதுவும் சென்னையில். கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் கோலத்துக்கான இலக்கணம் பற்றி எழுதிய கட்டுரை 1974இல் வெளிவந்தது. அதற்கு முன்பே 1968இல் லிண்டன்மேயர் என்ற உயிரியலாளர் பாசி இழை வளர்ந்து கிளை விடுவதை எழுத்துகளை மாற்றி மாற்றி எழுதும் விதியாக்கியிருந்தார். இன்றைய ஏஐ அந்த வழி இல்லை. அதற்கு விதி தெரியாது, பார்த்துப் பழக்கம்தான். ஒரு புள்ளிக் கோலம் கேட்டுப் பாருங்கள். தூரத்தில் கோலம், கிட்டத்தில் நூல்கண்டு. கோடு நடுவழியில் செத்துக் கிடக்கும்.

அம்மாவிடம் அதைக் காட்டினேன். 'யாருடா போட்டது, கை நடுங்குது பாவம்' என்றார்.

2 நவம்பர்

கேழ்வரகு. இதுதான் என்னுடைய சொந்த வெறி, யாரும் கேட்கவில்லை.

ஒரு மாவுப் பாக்கெட்டுக்கு லேபிள் வேலை. கேழ்வரகு வயல் கேட்டால் கோதுமை வருகிறது. அழுத்திக் கேட்டால் சோளம். ஒரு தடவை தட்டில் களி உருண்டையே வந்துவிட்டது. காரணம் ஊகிக்க முடிகிறது, கேழ்வரகு என்று பெயர் போட்ட படங்களில் மாவும் களியும்தான் அதிகம் இருக்கும். கதிர் எப்படி இருக்கும் என்று நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? தண்டு நுனியில் ஒரே இடத்திலிருந்து ஐந்தாறு விரல் கிளம்பி, உள்பக்கமாக மடங்கி, பாதி மூடிய கை மாதிரி நிற்கும். மனுஷன் கைக்கே விரல் எண்ணத் தெரியாமல் தடுமாறின இயந்திரம், கேழ்வரகுக்கு எங்கே எண்ணும்?

லோரா முறையில் பழக்கலாம் என்று இறங்கினேன். பெரிய மாடலை அப்படியே விட்டுவிட்டு, மேலே சின்னதாக ஒரு ஒட்டுப் போடுவது. 20, 30 படம் போதும். ராயக்கோட்டைப் பக்கம் மச்சான் வயலில் ஒரே சாயங்காலத்தில் 31 படம் எடுத்து வந்தேன்.

4 நவம்பர்

கதிர் வந்துவிட்டது! ஐந்து விரல், சரியான மடக்கு. ஒரு சிக்கல். 31இல் 19 படங்களில் பின்னால் மச்சானுடைய நீலத் தகர மோட்டார் ஷெட் இருந்திருக்கிறது. நான் கவனிக்கவில்லை. இயந்திரம் கவனித்திருக்கிறது. இப்போது கேழ்வரகு என்றால் அதற்கு நீல ஷெட்டும் சேர்த்துத்தான். விளையாட்டுக்கு 'நிலாவில் கேழ்வரகு வயல்' என்று கேட்டேன். கரும் வானம், பள்ளம் பள்ளமாகத் தரை, கதிர், பின்னால் மோட்டார் ஷெட்.

வெளிச்சமும் அப்படித்தான். காலை கேட்டாலும் நடுமத்தியானம் கேட்டாலும் ஐந்தரை மணி மஞ்சள்.

9 நவம்பர்

விடிகாலையில் போய்த் திரும்ப எடுத்தேன். இந்தத் தடவை ஒவ்வொரு படத்துக்கும் குறிப்பு எழுதினேன்: கதிர், பனித்துளி, செம்மண், பின்னால் நீல ஷெட். ஷெட்டுக்குத் தனியாகப் பெயர் கொடுத்துவிட்டால் அது கேழ்வரகோடு ஒட்டாது, கேட்டால் மட்டும் வரும். பனியில் ஒரு மணி நேரம் குனிந்து நின்றதில், ஒரே குத்தில்கூட விரல் கணக்கு ஒன்றாக இல்லை என்று தெரிந்தது. நாலு, ஆறு, ஏழு. பிஞ்சு விரிந்து நிற்கிறது, முற்ற முற்ற மூடுகிறது. 4ஆம் தேதி 'சரியான மடக்கு' என்று எழுதியதை அடித்துவிடுங்கள்.

15 நவம்பர்

உரிமை பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக: இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957இல், கணினி உண்டாக்கும் படைப்புக்கு அதை உண்டாக்கச் செய்தவரே ஆசிரியர் என்று ஒரு பிரிவு இருக்கிறது. ஏஐ வருவதற்கு ரொம்ப முன்னாலேயே எழுதியது. அமெரிக்காவில் வெறும் வரி எழுதி எடுத்த படத்துக்கு உரிமை தர மறுக்கிறார்கள். லேபிளுக்குப் போகும் முன் வக்கீலிடம் கேளுங்கள், ஃப்ளெக்ஸ் கடைக்காரனிடம் இல்லை.

30 நவம்பர்

லேபிள் முடிந்து கஸ்டமர் ஒப்புக்கொண்டார். ஷெட் இல்லை, மஞ்சள் இல்லை, விரல் கணக்குக் கலந்து வந்திருக்கிறது. பெருமையாக மச்சானிடம் கொண்டுபோய்க் காட்டினேன். ஃபோனை எட்டப் பிடித்து, கிட்டப் பிடித்துப் பார்த்தார்.

'கதிரு நல்லாருக்குது மாப்ள. ஆமா, சால் நடுவுல அவரை எங்க?'

கேழ்வரகு நடுவே சாலுக்குச் சால் அவரைப் பயிர் போட்டிருக்கிறார். இரண்டு தடவை போயும் என் படங்களில் அது ஓரத்தில் வெட்டுப்பட்டு, இலையாக, கொடியாகத்தான் இருக்கிறது. கதிர் தெரிய வேண்டும் என்று கையாலேயே ஒதுக்கிவிட்டு எடுத்தது ஞாபகம் வருகிறது.

கேழ்வரகு அறுப்பு முடிந்துவிட்டது. அவரை இன்னும் வயலில்தான் நிற்கிறது, இப்போதுதான் பூ, தை வரைக்கும் காய்க்குமாம். ஞாயிற்றுக்கிழமை போகிறேன். அந்த ஷெட்டுக்கு மச்சான் பச்சை பெயின்ட் அடித்துவிட்டார்.